பாஸ்டன் பனிக்கட்டிக்குக் கட்டிய வீடு

சென்னையில் ஆட்டோவில் ஏறி ‘விவேகானந்தர் இல்லம்’ என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர், “ஐஸ் ஹவுஸ்தானே சார்?” என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் வண்டியைக் கிளப்புவார்கள். அரசு அந்தக் கட்டடத்துக்கு விவேகானந்தரின் பெயரைச் சூட்டியது 1963இல். அதற்கும் முன்னால் அதன் பெயர் ‘கேசில் கெர்னன்’. இரண்டு பெயர்களும் பலகையில்தான் ஏறின, வாயில் ஏறவில்லை. பக்கத்துச் சாலைக்கு அன்னி பெசன்ட்டின் பெயர் வைத்தார்கள். அதையும் பழைய ஆட்கள் ஐஸ் ஹவுஸ் சாலை என்றே சொல்கிறார்கள். காவல் நிலையத்தின் பெயரும் ஐஸ் ஹவுஸ்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டடத்தில் பனிக்கட்டி இருந்தது நாற்பது ஆண்டுகூட இல்லை. கடைசிக் கட்டி கரைந்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு ஒரு வக்கீல் குடும்பம், துறவிகளின் மடம், இளம் விதவைகளின் இல்லம், ஆசிரியைப் பயிற்சி மாணவியரின் விடுதி, இன்று நிலையான கண்காட்சி என்று வரிசையாக ஆட்கள் குடியேறிவிட்டார்கள். ஆனாலும் பெயர் மட்டும் ஒரு பழைய கிடங்கின் பெயர்.

கிடங்கிலிருந்தே தொடங்குவோம். ஏனெனில் பின்னால் வந்த ஒவ்வொருவரும் அந்தக் கிடங்கோடு மல்லுக்கட்டித்தான் அங்கே வாழ வேண்டியிருந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருமுனையில் ஒரு நன்னாரி சர்பத் கடை இருந்தது. காலையில் சைக்கிள் கேரியரில் சாக்கு சுற்றிய ஐஸ் கட்டி வந்து இறங்கும். கடைக்காரர் அதை ஒரு மரப்பெட்டியில் வைத்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் மரத்தூளைக் கொட்டி மூடிவிடுவார். மதியம் போய் நின்றால், பெட்டிக்குள் கையைவிட்டுக் கட்டியை வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் தூளை ஒரு குவளைத் தண்ணீரில் கழுவி, கூர்க்கம்பியால் குத்தி உடைப்பார். அக்கினி நட்சத்திரத்திலும் மாலை வரை அந்தக் கட்டி தாக்குப்பிடிக்கும். அவருக்கு அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசித்ததில்லை. அந்த மரப்பெட்டியைக் கடல் தாண்டுகிற அளவுக்குப் பெரிதாக்கினால் கிடைப்பதுதான் பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடரின் வியாபாரம்.

அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் மாசசூசெட்ஸில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை வெட்டி வெயில் நாடுகளுக்கு விற்கலாம் என்று டியூடருக்குத் தோன்றியது. 1806இல் ஒரு கப்பல் நிறையப் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு கரீபியன் தீவான மார்டினிக்குக்குப் போனார். ஊரே சிரித்தது. ஆனால் பனிக்கட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்ந்த பிறகுதான் சிக்கல்: இறக்கி வைக்க அங்கே இடம் இல்லை. வாங்கிப் போனவர்களுக்கு அதை வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. கண்ணெதிரே முதலீடு கரைந்து ஓடியது. பின்னர் கடனுக்காகச் சிறைக்கும் போனார் டியூடர். ஆனாலும் பாடத்தை மறக்கவில்லை. பனிக்கட்டியைக் கடல் கடத்துவது பெரிய காரியமில்லை, போய்ச் சேரும் ஊரில் அதற்கென்று ஒரு வீடு வேண்டும். சென்னைக் கடற்கரையில் இன்று நிற்கும் கட்டடத்தின் மூலக்காரணம் மார்டினிக்கில் கரைந்துபோன அந்தச் சரக்குதான்.

1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்துச் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிஞ்சியிருந்தது. நம்ப முடியாததுபோல் தோன்றினாலும் கணக்கு எளிமையானது. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க ஆகும் வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப் போதும். அதாவது பனிக்கட்டி அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. அடுத்தது அளவு. கட்டியின் நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால், வெப்பம் நுழைகிற மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும், உள்ளே இருக்கும் சரக்கோ எட்டு மடங்காகும். தம்ளரில் போட்ட துண்டு ஐந்து நிமிடத்தில் காணாமல் போகும்; நூறு டன் குவியல் மாதக்கணக்கில் நிற்கும். குவியல் நெருக்கமாக அமைய வேண்டுமானால் கட்டிகள் ஒரே அளவில், இடைவெளி விடாமல் பொருந்த வேண்டும். அதற்குத்தான் டியூடரிடம் வேலை பார்த்த நத்தானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுக் கருவியைச் செய்தார். உறைந்த குளத்தின் மேல் ஏர் ஓட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, சதுரம் சதுரமாக அறுத்து எடுத்தார்கள்.

டியூடரின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதை எடுத்துக்கொண்டதில் இருந்தது. பனிக்கட்டி குளத்தில் கிடந்தது. மரத்தூள் மரம் அறுக்கும் ஆலைகளின் குப்பை. பாஸ்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த கப்பல்களில் ஏற்றுவதற்கு உருப்படியான சரக்கு குறைவு. போகும்போது பாரத்துக்குக் கல்லையும் மண்ணையும் போட்டுக்கொள்ளும் கப்பல்கள், திரும்பும்போதுதான் அவுரியும் தோலும் ஏற்றிக்கொள்ளும். காலியாகப் போகும் அந்த இடத்தைத்தான் அவர் பிடித்தார். அந்தச் சமயத்தில் காபி ஊக வணிகத்தில் இறங்கி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கடன்பட்டிருந்த மனிதர் அவர். அந்தக் கடனிலிருந்து அவரைக் கரையேற்றியது இந்தியாவில் விற்ற பனிக்கட்டி. கல்கத்தாவைத் தொடர்ந்து பம்பாயிலும் சென்னையிலும் கிடங்கு எழுந்ததற்கு வெள்ளைக்காரத் துரைமாரின் தாகம் மட்டும் காரணமில்லை, பாஸ்டன் கடன்காரர்களின் நெருக்கடியும் காரணம்.

சென்னைக் கிடங்கு 1842இல் கட்டப்பட்டது. மூன்று கிடங்குகளில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அந்த நாளைய கடற்கரையை மனதில் கொண்டுவர இன்றைய மெரினாவை முழுவதுமாக அழித்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை வாங்கி வரும். நான்கு மாதப் பயணத்தில் கரைந்ததைவிட, இந்தக் கடைசி ஒரு மைலில் வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கரைவதைப் பற்றித்தான் வியாபாரிக்குக் கவலை அதிகம் இருந்திருக்கும். கிடங்கைக் கடலுக்கு இயன்றவரை ஒட்டிக் கட்டியதன் நியாயம் அதுதான். பின்னால் 1870களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, தெற்கிலிருந்து வரும் மணல் நீரோட்டம் தடைபட்டு அங்கேயே சேர ஆரம்பித்தது. கடல் ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்கியது. இன்று ஐஸ் ஹவுஸ் வாசலில் இறங்கிச் சாலையைக் கடந்து, சுண்டல் வண்டிகளையும் குதிரைக்காரர்களையும் தாண்டி, மணலில் கால் புதையப் புதைய நடந்தால்தான் அலை காலைத் தொடும்.

ஒரு தகவலை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1846–47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் பனிக்கட்டி வெட்ட வந்த குளங்களில் ஒன்று, கன்கார்டு ஊரில் இருக்கும் வால்டன் குளம். அதன் கரையில் ஒரு குடிசை போட்டுத் தனியாக வசித்து வந்தார் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. பனிக்கட்டி மலைபோல் குவிவதைப் பார்த்துவிட்டு, சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடும் மக்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். காலையில் எழுந்ததும் பகவத் கீதையில் தலைமுழுகுவதாகவும் அதே இடத்தில் சொல்கிறார். இங்கிருந்து கீதை போனது, அங்கிருந்து பனிக்கட்டி வந்தது. பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்று சொல்வது கடினம்.

வியாபாரம் எப்படி வந்ததோ அப்படியே போனது. டியூடர் 1864இல் இறந்தார். நீராவி இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியது. 1874இல் சென்னையிலேயே இண்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கியது. உள்ளூரில் நேற்றுச் செய்த கட்டி கிடைக்கும்போது, நான்கு மாதம் கடலில் வந்த கட்டியை வாங்க ஆள் ஏது? கிடங்கு காலியானது.

இனிமேல்தான் கட்டடத்தின் இரண்டாவது பிறவி. 1880 வாக்கில் இதை வாங்கியவர் உயர் நீதிமன்ற வக்கீல் பிலிகிரி ஐயங்கார். அவர் வாங்கியது எப்படிப்பட்ட கட்டடம் என்று பார்க்க வேண்டும். வெப்பத்தை உள்ளே விடக் கூடாது என்று கட்டியது. எனவே சுவர் தடிமன், திறப்புகள் மிகக் குறைவு. பனிக்கட்டிக்கு எது நன்மையோ அது மனிதனுக்குத் தீமை. சென்னையில் வீடு என்றால் காற்று வேண்டும், அதுவும் மாலையில் கடற்காற்று வேண்டும். எதிரே வங்கக் கடலை வைத்துக்கொண்டு சன்னல் இல்லாத சுவருக்குள் யார் உட்காருவது? ஐயங்கார் சுவரை உடைத்து நிறைய சன்னல் வைத்தார். வளைந்த முகப்பைச் சுற்றி வராந்தா எடுத்தார். இன்று புகைப்படம் எடுப்பவர்கள் ரசிக்கிற அடுக்கடுக்கான வட்ட முகப்பும் தாழ்வாரங்களும் கிடங்கை வீடாக்கிய அந்தப் பாடுபட்ட வேலையின் சாயலைத்தான் காட்டுகின்றன. எத்தனை சன்னல் வைத்தும் வீடு முழுச் சௌகரியமாக அமையவில்லை என்றே சொல்கிறார்கள். ஒரு காரியத்துக்கென்று கட்டிய சுவர் மற்றொரு காரியத்துக்கு லேசில் இசையாது.

நீதிபதி கெர்னன் மீது இருந்த மதிப்பினால் வீட்டுக்குக் கேசில் கெர்னன் என்று பெயர் வைத்தார் ஐயங்கார். கேசில் என்றால் கோட்டை. பனிக்கட்டிக் கிடங்கில் குடியிருக்கிறேன் என்று சொல்ல எந்த வக்கீலுக்குத்தான் மனம் வரும்? அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைய திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வக்கீல்கள் நகரத்தின் புதிய பெரிய மனிதர்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன கடற்கரைக் கட்டடம் ஓர் ஐயங்கார் வக்கீலின் வீடாவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. வீட்டின் ஒரு பகுதியை ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்க விட்டிருந்தார் அவர். தாராள மனசுக்காரர். அந்தத் தாராளத்தால்தான் அடுத்த திருப்பமும் வந்தது.

1897 பிப்ரவரி 6ஆம் தேதி விவேகானந்தர் எழும்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் சிகாகோவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பப் பணம் திரட்டியதில் முன்னால் நின்றது சென்னை. பச்சையப்பன் பள்ளி ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய் அந்தப் பணத்தைச் சேர்த்தவர். இப்போது விவேகானந்தர் திரும்பி வருகிறார். கொழும்பில் இறங்கி, பாம்பன், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் என்று ஊர் ஊராக வரவேற்பு. சென்னையில் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுக் கூட்டமே இழுத்துக்கொண்டு போனது. ஊர்வலம் வந்து முடிந்த இடம் கேசில் கெர்னன்.

14ஆம் தேதி வரை ஒன்பது நாள் அங்கே தங்கினார். கட்டடத்தின் கதையில் இது மிகச் சிறிய காலம், ஆனால் மிகப் பெரிய பெயர். காலையும் மாலையும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். விக்டோரியா மண்டபத்தில் வரவேற்பு கொடுக்க ஏற்பாடானபோது உள்ளே இருந்ததைவிட வெளியே கூட்டம் அதிகம். வெளியே வந்து ஒரு கோச்சு வண்டியின் மேல் நின்று, கீதை பாணியில் தேரிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிப் பேசினார். அவர் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவுகள் இன்று நம் கைக்குக் கிடைப்பதற்குக் காரணம், உடன் வந்திருந்த குட்வின் என்ற ஆங்கிலேயரின் சுருக்கெழுத்து. கடைசிச் சொற்பொழிவை ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் வைத்தார்கள். அவ்வளவு கூட்டத்தைக் கொள்ளும் மண்டபம் ஊரில் வேறு இல்லை.

முந்தைய ஆண்டு மார்ச்சில் அவர் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசியிருந்தார். ஹார்வர்டு இருக்கும் அதே கேம்பிரிட்ஜ் ஊரில்தான் இருக்கிறது ஃப்ரெஷ் பாண்ட், டியூடருக்குப் பனிக்கட்டி கொடுத்த முக்கியமான குளம். குளத்து ஊரில் வேதாந்தம் பேசிவிட்டு வந்தவர், அந்தக் குளத்துச் சரக்கு இறங்கிய வீட்டில் படுத்து உறங்கினார். யாரும் திட்டமிட்டதில்லை. கடல் வழியும் வியாபாரமும் மதமும் ஒரே தடத்தில்தான் நடக்கும்போலிருக்கிறது.

நிலையாக ஒருவரை அனுப்புங்கள் என்று சென்னை நண்பர்கள் கேட்டார்கள். விவேகானந்தர் தம் சகதுறவி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பிவைத்தார். மார்ச் மாதமே வந்துவிட்டார். முதலில் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்து, பிறகு கேசில் கெர்னனுக்கே மாறினார். தென்னிந்தியாவில் ராமகிருஷ்ண மடத்தின் தொடக்கம் இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான். விவேகானந்தரின் ஒன்பது நாளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். இவருடைய ஒன்பது ஆண்டு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பூசை, பாடம், நகரின் நாலு மூலைக்கும் போய் வகுப்பு, பெரும்பாலான நாட்கள் கையில் காசில்லாத நிலை. கோடை இரவுகளில் புழுக்கம் தாங்காமல் எழுந்து, தமக்கு விசிறிக்கொள்ளாமல், பூசையறையில் இருந்த ராமகிருஷ்ணரின் படத்துக்கு நெடுநேரம் விசிறிக்கொண்டு நிற்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வெப்பத்தைத் தடுப்பதற்காகவே கட்டிய சென்னைக் கட்டடத்துக்குள் ஒரு துறவி புழுக்கத்தில் விசிறிக்கொண்டு நிற்பது என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் மறக்க முடியாத காட்சி.

1902இல் பிலிகிரி ஐயங்கார் காலமானார். 1906இல் வீடு ஏலத்துக்கு வந்தது. அன்று ராமகிருஷ்ணானந்தர் வளாகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யார் எடுக்கிறார்களோ என்று பக்தர்கள் தவித்துக்கொண்டு ஓடி ஓடித் தகவல் சொன்னார்கள். யார் வாங்கினால் என்ன, விற்றால் என்ன, குருவின் படத்தை வைக்கச் சிறிய அறை ஒன்று போதும், நான் எங்கேயும் இருந்துகொள்வேன் என்கிற பொருளில் அவர் பதில் சொன்னாராம். ஏலத்தில் ஒரு ஜமீன்தார் எடுத்தார். துறவி பின்புறத்து அவுட்ஹவுஸுக்கு மாறி, 1907 நவம்பரில் மயிலாப்பூரில் எழுந்த மடத்தின் சொந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஜமீன்தாரிடமிருந்து கட்டடத்தை 1917இல் அரசு வாங்கியது. இங்கேதான், என் கணிப்பில், அதன் மிக முக்கியமான உபயோகம் வருகிறது. கண்காட்சிக்குப் போய்வரும் பலருக்கு இந்தப் பகுதி தெரியாது.

சகோதரி சுப்பலட்சுமி 1886இல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம். வெகு விரைவிலேயே கணவன் இறந்தான். அந்தக் காலத்துப் பிராமண வீட்டில் அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும்: தலையை மழித்து, வெள்ளையோ காவியோ உடுத்தி, சமையலறை மூலையில் ஆயுளைக் கழிப்பது. அவருடைய பெற்றோர் அதற்கு மறுத்துவிட்டார்கள். படிக்கவைத்தார்கள். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்று பெயர் பெற்றார். அடுத்த ஆண்டே நான்கு இளம் விதவைகளை எழும்பூர் வீட்டில் வைத்துக்கொண்டு படிப்புச் சொல்லத் தொடங்கினார். வீட்டைக் கட்டிக் காத்தவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவை.

அரசாங்கம் இதற்குக் கை கொடுத்ததற்குப் பின்னால் ஒரு நடைமுறைக் கணக்கு இருந்தது. பெண் பள்ளிகள் திறக்க வேண்டும், ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்ப வீடுகள் தயங்கின, ஆசிரியைகளோ இல்லை. கல்யாணமான பெண் வேலைக்கு வர மாட்டாள், கல்யாணமாகாத பெரிய பெண்ணே அந்தச் சமூகத்தில் கிடையாது. மிஞ்சியவர்கள் விதவைகள். ஊர் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்தவர்களை ஊருக்கே ஆசிரியைகளாக்கலாம் என்று பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் கண்டுகொண்டார். சுப்பலட்சுமிக்கு அவர் உறுதுணையாக இருந்தார்.

இதற்கு வீடு வேண்டும். எண்ணிக்கை ஏற ஏற வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடு. இளம் விதவைகள் கூட்டமாக இருக்கும் வீடு எந்தத் தெருவுக்கு உவப்பாக இருக்கும்? காலையில் வெளியே கிளம்புகிறவன் கண்ணில் ஒரு விதவை பட்டாலே சகுனத் தடை என்று திரும்பிவிடுகிற ஊர். ஐஸ் ஹவுஸ் எந்தத் தெருவிலும் இல்லை என்பதே அதன் தகுதி. முன்னால் கடல், சுற்றிலும் காலி இடம், எட்டிப்பார்க்க அக்கம்பக்கம் கிடையாது. பனிக்கட்டிக்காகக் கடலோரத்தில் தனியே ஒதுக்கிக் கட்டிய ஒதுக்கம் இந்தப் பெண்களுக்கு அரணானது. பக்கத்திலேயே 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி. 1922இல் அதே வட்டாரத்தில் லேடி வெலிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி, அதற்கும் சுப்பலட்சுமியே முதல்வர். விடுதியில் தங்கி, பக்கத்தில் படித்து, பயிற்சியும் பெற்று ஆசிரியையாக வெளியேறலாம். மாகாணத்தின் பல ஊர்களுக்கு இங்கிருந்து ஆசிரியைகள் போனார்கள். கேசில் கெர்னன் என்ற பெயர் வைத்த வக்கீல் கனவிலும் நினைத்திராத குடித்தனம் இது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் முழு உண்மை ஆகாது. அது பிராமண விதவைகளுக்கான இல்லம். ஆசாரம் கெடாது என்று குடும்பங்களுக்கு உறுதி சொன்னால்தான் பெண்ணை அனுப்புவார்கள் என்பது சுப்பலட்சுமியின் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது, அதே கணக்கு மற்றப் பெண்களுக்குக் கதவைச் சாத்தியும் வைத்தது. சாதி பார்க்காமல் பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்ட அவ்வை இல்லத்தை முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கியபோதுதான் அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது. சுப்பலட்சுமி 1927இல் நிறுவிய சாரதா வித்யாலயா 1938இல் ராமகிருஷ்ண மிஷன் வசம் போனது. ஏலத்தில் வீட்டை விட்டுப் போனவர்களிடம், அந்த வீட்டின் அடுத்த குடியினர் நடத்திய பள்ளி போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கட்டடம் பயிற்சி மாணவியரின் விடுதியாக, கல்வித் துறையின் பிடியில் இருந்தது. அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. துவைத்த துணி காயும் வராந்தாவும், சாப்பாட்டு மணியும், சுண்ணாம்பு உதிரும் சுவருமாக ஓர் அரசு விடுதி எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றியதே அந்தச் சுவாரசியமற்ற ஆண்டுகள்தான் என்று நினைக்கிறேன். ஆள் புழங்கும் கட்டடத்துக்கு ஒழுகினால் ஓடு மாற்றுவார்கள், கதவு உடைந்தால் ஆசாரியைக் கூப்பிடுவார்கள். பூட்டிப்போட்ட கட்டடத்தில் முதலில் குடியேறுவது அரசமரக் கன்று.

அதே கடற்கரைச் சாலை வட்டாரத்தில் மற்றக் கட்டடங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் இது விளங்கும். ராணி மேரி கல்லூரி தொடங்கியது கேப்பர் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில். அந்த மாளிகை இன்று இல்லை. 2003இல் கல்லூரியையே அகற்றிவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடி, கல்லூரியை மீட்டார்கள். 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை நவாபின் கடனில் மூழ்கி ஏலத்துக்குப் போய், அரசு அலுவலகங்களாக மாறியதால் பிழைத்தது. 2012 ஜனவரியில் அதன் கலச மகால் தீப்பிடித்து எரிந்தது. அண்ணா சாலைப் பக்கம் ஓமந்தூரார் வளாகத்தில் இருந்த பழைய அரசினர் மாளிகையைப் புதிய சட்டமன்றக் கட்டடத்துக்காக இடித்தார்கள். அந்தச் சட்டமன்றக் கட்டடமும் 2014இல் மருத்துவமனையாகிவிட்டது. மாளிகையும் போய், சட்டமன்றமும் போய், இப்போது அங்கே வெளிநோயாளிச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். பெரிய இடம், பெரிய பெயர் உள்ள கட்டடங்களின் மேல்தான் எல்லார் கண்ணும் விழுகிறது. ஐஸ் ஹவுஸுக்கு அரண்மனைக் களை கிடையாது. பார்ப்பதற்குக் கொஞ்சம் விநோதமான உருண்டைக் கட்டடம். ஒருவர் கிளம்பியதும் அடுத்தவருக்கு ஏதோ ஒரு வகையில் அது தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

1963 விவேகானந்தர் நூற்றாண்டு. பெயர் மாற்றம் அப்போது வந்தது. உள்ளே விடுதி விடுதியாகவே நடந்தது. அவர் வந்து தங்கிய நூறாவது ஆண்டான 1997இல் அரசு கட்டடத்தை ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. பழுதுபார்த்து, 1999 டிசம்பரில் அவருடைய வாழ்க்கையையும் இந்தியப் பண்பாட்டையும் விளக்கும் கண்காட்சியைத் திறந்தார்கள். ஏலத்தில் வெளியேறியவர்கள் தொண்ணூறு ஆண்டு கழித்துக் குத்தகைதாரராகத் திரும்பி வந்தார்கள்.

இன்று மாடியில் அவர் தங்கிய அறை தியான அறையாக இருக்கிறது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பேசாமல் உட்காரலாம். அங்கே போகிறவர்கள் போகிற வழியில் சன்னலோரம் ஒரு நிமிடம் நின்று சுவரின் தடிமனைப் பார்க்கலாம். ஐயங்கார் உடைத்துத் திறந்தது எவ்வளவு என்பது அப்போது புரியும்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 6 முதல் 14 வரை, அவர் தங்கிய ஒன்பது நாளையும் ‘விவேகானந்த நவராத்திரி’ என்று அங்கே கொண்டாடுகிறார்கள். மாலையில் சொற்பொழிவும் பாட்டும் நடக்கும். வெளியூரிலிருந்து அழைப்பிதழோடு வருகிற பெரியவர்கள், பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் அச்சிட்ட பெயரைப் படித்துக் காட்டுவார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, “ஐஸ் ஹவுஸ் வந்ததும் சொல்கிறேன், உட்காருங்கள் ஐயா” என்பார்.